கேள்வியைச் சிறிதாக்குங்கள்: கொழும்பிலிருந்து செயற்கை நுண்ணறிவு ஆய்வைத் தொடங்குபவர்களுக்கு

பல்கலைக்கழகத்தின் மூன்றாம் வருடத்தில் இருப்பவர்களும், மென்பொருள் நிறுவனமொன்றில் இரண்டு மூன்று வருடங்கள் வேலை செய்துவிட்டு முதுமாணிப் பட்டத்தைப் பற்றி யோசிப்பவர்களும் என்னிடம் முதலிற் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: செயற்கை நுண்ணறிவில் ஆய்வு செய்ய விருப்பம், எந்தத் தலைப்பை எடுக்கலாம்? ஒரு தலைப்பைச் சொல்லி அனுப்பிவிடுவது எளிது. ஆனால் அப்படித் தலைப்பை மட்டும் வாங்கிக்கொண்டு போனவர்கள், ஆறு மாதங்களுக்குப் பின்னரும் அதே தலைப்புடன், இன்னும் சில காணொளிப் பாடங்களைப் பார்த்து முடித்தவர்களாக மட்டும் திரும்பி வந்ததைக் கண்டிருக்கிறேன். தலைப்பு என்பது ஒரு பெரிய வயல். அதில் எந்த வரப்பில் நின்று எதை அளக்கப்போகிறீர்கள் என்பதைச் சொல்வது கேள்வி. இந்தக் கட்டுரை முழுவதிலும் ஒரேயொரு உதாரணத்தை வைத்துக்கொண்டு, அந்தக் கேள்வியை உருவாக்குவதிலிருந்து கட்டுரையைச் சமர்ப்பிப்பது வரையான படிகளை எழுதுகிறேன்.

தலைப்பிலிருந்து கேள்விக்கு

உங்களுக்குப் பேச்சுணரிகளில், அதாவது பேசுவதைக் கேட்டு எழுத்தாக்கும் மாதிரிகளில், ஆர்வம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். "தமிழ்ப் பேச்சுணரி" என்பது தலைப்பு. "இலங்கைத் தமிழைப் பேச்சுணரிகள் எப்படிக் கையாள்கின்றன" என்பது சற்றுச் சிறிய தலைப்பு, இன்னும் கேள்வியாகவில்லை. "ஓப்பன்ஏஐ நிறுவனம் 2022 செப்டெம்பரில் வெளியிட்ட விஸ்பர் மாதிரி, யாழ்ப்பாணத்தில் வளர்ந்த ஒருவரும் மட்டக்களப்பில் வளர்ந்த ஒருவரும் அதே வாக்கியங்களை வாசிக்கும்போது ஒரே அளவு பிழை விடுகிறதா?" என்பதற்கு "ஆம்" என்றோ "இல்லை" என்றோ விடை வரலாம், இரண்டில் எது வந்தாலும் எழுதுவதற்கு விடயம் இருக்கிறது, இரண்டு மூன்று மாதங்களில் ஒருவரால் செய்தும் முடிக்கலாம். இது கேள்வி.

உங்கள் கேள்வி போதுமான அளவு சிறிதாகிவிட்டதா என்று பார்ப்பதற்கு ஒரு எளிய பரீட்சை உண்டு. கணினியைத் திறப்பதற்கு முன்னர், ஒரு கொப்பித் தாளில் உங்கள் இறுதி முடிவு அட்டவணையை வெறுமையாக வரையுங்கள். நிரைகளில் என்ன வரும், நிரல்களில் என்ன வரும், ஒவ்வொரு கட்டத்திலும் வரப்போகும் எண்ணின் அலகு என்ன என்பதை எழுத முடிந்தால் கேள்வி தயார். எழுத முடியாவிட்டால், எத்தனை நாள் கணினி நிரல் எழுதினாலும் அது தெளிவாகப்போவதில்லை.

வாசிப்பு

கணினி விஞ்ஞானத்தில் வாசிப்புக்குப் பணம் பெரும் தடையல்ல. 1991 இல் பௌதிகவியலாளர்களுக்காகத் தொடங்கப்பட்ட ஆர்க்கைவ் களஞ்சியத்தில் இத்துறையின் கணிசமான கட்டுரைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. மொழித் தொழினுட்பக் கட்டுரைகளுக்கு ஏசிஎல் அந்தோலொஜி என்ற முற்றிலும் இலவசமான தொகுப்பு இருக்கிறது. ஆர்க்கைவில் வருபவை, துறைசார்ந்த பிற ஆய்வாளர்கள் சரிபார்க்கும் மீளாய்வை அங்கே கடப்பதில்லை என்பதை மட்டும் மறக்க வேண்டாம். ஒரு கட்டுரை அங்கே இருப்பதனால் அதனை யாரோ சரிபார்த்துவிட்டார்கள் என்று கொள்ள முடியாது.

புதியவர்கள் செய்யும் தவறு, கட்டுரையை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை கதைப் புத்தகம் போல வாசிப்பது. முதலில் சுருக்கத்தையும் அட்டவணைகளையும் முடிவுரையையும் மட்டும் பாருங்கள். பத்து நிமிடம் போதும். கட்டுரை உங்கள் கேள்விக்கு உதவுமென்று தோன்றினால் மாத்திரம் இரண்டாவது தடவை, எதை எதனுடன் ஒப்பிட்டார்கள், எந்தத் தரவில் அளந்தார்கள் என்பதைத் தேடி வாசியுங்கள். வரிக்கு வரி வாசிக்க வேண்டியவை, ஒரு வருடத்தில் ஐந்தோ ஆறோதான் இருக்கும்.

உயர்தரத்தைத் தமிழ்மூலம் படித்துவிட்டு வந்தவர்களுக்கு இதில் ஒரு கூடுதற் சுமை இருக்கிறது. ஆங்கிலக் கட்டுரையை வாசிக்கும்போது சொற்கள் புரிந்துவிடும், ஆனால் வாதம் நழுவிவிடும். இதற்கு நான் கண்ட ஒரே மருந்து, ஒவ்வொரு கட்டுரையையும் வாசித்து முடித்த கையோடு, "இவர்கள் எதை நிறுவியதாகச் சொல்கிறார்கள், நான் ஏன் அதை நம்ப வேண்டும்" என்ற இரண்டுக்கும் தமிழில் இரண்டு வாக்கியங்கள் எழுதிவைப்பதாகும். கலைச்சொல்லுக்குத் தமிழ் தெரியாவிட்டால் ஆங்கிலச் சொல்லையே தமிழ் எழுத்தில் போடுங்கள். அதற்காக அகராதி தேடி அரை நாளைச் செலவழிக்க வேண்டாம். அந்த இரண்டு வாக்கியங்களை எழுத முடியாத கட்டுரையை நீங்கள் இன்னும் வாசிக்கவில்லை.

உள்ளூரில் ஏற்கனவே செய்யப்பட்டவற்றையும் தேடுங்கள். கொழும்புப் பல்கலைக்கழகக் கணினிக் கல்லூரியின் மொழித் தொழினுட்ப ஆய்வுகூடமும், மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் தேசிய மொழிகள் செயலாக்க நிலையமும் சிங்களத்திலும் தமிழிலும் நெடுங்காலமாக வேலை செய்து வருபவை. சிங்களத்துக்காகச் செய்யப்பட்ட ஒரு ஆய்வின் முறையைத் தமிழில் செய்து பார்ப்பது, முதலாவது ஆய்வுக்கு மிகவும் மதிப்பான வழி. வெட்கப்பட வேண்டிய வழியன்று.

ஒருவர் செய்ததை மறுபடி செய்து பார்த்தல்

சொந்தமாக எதையும் தொடங்குவதற்கு முன்னர், வெளியான ஒரு கட்டுரையின் ஒரு எண்ணை, ஒரேயொரு எண்ணை, உங்கள் கையால் மறுபடி பெற்றுப் பாருங்கள். இதற்கு இரண்டு கிழமை எடுக்கலாம், இரண்டு மாதமும் எடுக்கலாம். வெளியில் நிற்பவர்களுக்கு இது வீண்வேலையாகத் தோன்றும், வெள்ளவத்தை வீட்டில் இரவு பதினொரு மணிக்கு மகள் இன்னும் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்ட அம்மா, "ஏற்கனவே செய்ததைத்தான் செய்யிறாயெண்டால் பிறகேன் பிள்ளை?" என்று கேட்பதில் நியாயம் உண்டு. ஆனாலும் ஆய்வுக் கேள்விகள் பெரும்பாலும் இந்த இடத்திலிருந்துதான் பிறக்கின்றன.

விஸ்பரையே எடுங்கள். பெருமளவு ஒலித்தரவில், 680,000 மணித்தியாலங்களில், பயிற்றப்பட்ட மாதிரி அது. மாதிரியின் வெளியீட்டையும் மனிதர் எழுதிய பிரதியையும் ஒப்பிடுவதற்கு முன்னர், இரண்டு பக்கத்தையும் ஒரே சீராக்குவதற்கான ஒரு சிறு நிரலும் அதனுடன் வருகிறது. ஆங்கிலமல்லாத மொழிகளுக்கான அந்த நிரல், யூனிகோட்டில் குறிகள் என்று வகுக்கப்பட்ட எல்லாவற்றையும் நிறுத்தக்குறிகளோடு சேர்த்து நீக்கி, அவை இருந்த இடத்தில் வெற்றிடத்தைப் போடுகிறது. பிரெஞ்சுக்கு இதனாற் பெரிய கேடில்லை. தமிழிலோ புள்ளியும் உயிர்க்குறிகளும் அந்த வகைக்குள்ளேதான் அடங்குகின்றன. எனவே "கொழும்பு" என்ற சொல் "க ழ ம ப" என்று நான்கு துண்டுகளாகிவிடுகிறது. "மான்" என்பதும் "மீன்" என்பதும் ஒன்றாகவே "ம ன" என்று வந்து நிற்கின்றன. மான் என்று சொன்னதை மாதிரி மீன் என்று எழுதினாலும் பிழை எண்ணப்படுவதில்லை. இப்படி அளந்த எண்ணைப் பார்த்துவிட்டு, தமிழில் இந்த மாதிரி இவ்வளவு நன்றாக வேலை செய்கிறது என்று ஒருவர் எழுதினால், அவர் பொய் சொல்லவில்லை. அவருடைய அளவுகோல் தமிழைப் பார்க்கவில்லை. கட்டுரையை வாசிப்பதோடு நின்றிருந்தால் இது கண்ணிற் படுவது அரிது. வெளியீட்டை வரி வரியாக அச்சிட்டுப் பார்த்தவருக்குத்தான் படும்.

அளவுகோலைச் சரிசெய்தல்

அளவுகோல் விடயத்தில் இன்னும் சற்று நேரம் நிற்க வேண்டியிருக்கிறது, ஏனென்றால் தமிழில் ஆய்வு செய்பவர்களின் முடிவுகள் கெட்டுப்போவதற்கு மாதிரியைவிட இதுவே அதிகம் காரணமாகிறது.

முதலாவது, எழுத்துக் குறியேற்றம். "கொ" என்ற எழுத்தைக் "க" வுடன் "ொ" என்ற ஒரே குறியைச் சேர்த்தும் எழுதலாம். "க" வுடன் "ெ", "ா" என்ற இரண்டு குறிகளைச் சேர்த்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். கண்ணுக்கு நான்கு எழுத்தாக இருக்கும் "கொழும்பு" முதல் வகையில் 8 குறியீட்டுப் புள்ளிகள் (யூனிகோட் தனி இலக்கம் கொடுத்த அலகுகள்), யுடிஎப்-8 என்ற சேமிப்பு முறையில் 24 பைட்டுகள். இரண்டாவது வகையில் 9 குறியீட்டுப் புள்ளிகள், 27 பைட்டுகள். பைதன் நிரல்மொழியிடம் இரண்டும் சமமா என்று கேட்டால் இல்லை என்று சொல்லும். ஆகவே எந்த ஒப்பீட்டுக்கும் முன்னர் இரு பக்கத்தையும் என்எப்சி என்ற யூனிகோட் நியம வடிவத்துக்குக் கொண்டுவாருங்கள்; இந்த நியமம் உயிர்க்குறிகளை அழிக்காது, சேர்க்க வேண்டியதைச் சேர்க்க மட்டும் செய்யும். பழைய ஆவணங்களிலிருந்து வாக்கியங்கள் எடுப்பவர்கள், அவை யூனிகோட்டில் இருக்கின்றனவா பாமினி எழுத்துருவில் இருக்கின்றனவா என்பதையும் முதலில் பார்க்க வேண்டும். பாமினியில் தட்டச்சுச் செய்தது கணினிக்கு வெறும் ஆங்கில எழுத்துகளாகவே தெரியும்.

இரண்டாவது, சொற்பிழை வீதம். பிரதியீடு, விடுபாடு, சேர்ப்பு ஆகிய மூன்று வகைப் பிழைகளையும் கூட்டி, மூலப் பிரதியிலுள்ள சொற்களின் எண்ணிக்கையால் வகுப்பது இதன் வரைவிலக்கணம். மூலத்தில் "வீட்டிலிருந்துதான்" என்று ஒரு சொல்லாக இருந்ததை மாதிரி "வீட்டில் இருந்து தான்" என்று எழுதினால், ஒரு பிரதியீடும் இரண்டு சேர்ப்புகளும் சேர்ந்து மூன்று பிழைகள். அந்த ஒரு சொல்லுக்குப் பிழை வீதம் 300 சதவீதம். வாசிக்கும் தமிழருக்கோ அதில் ஒரு பிழையும் தெரியாது. எனவே இதே கணக்கைச் சொற்களுக்குப் பதிலாக எழுத்துகளில் செய்யும் எழுத்துப் பிழை வீதத்தையும் சேர்த்தே அறிக்கையிடுங்கள். அத்துடன் ஐம்பது வாக்கியங்களையாவது கண்ணால் வாசித்து, எந்தப் பிழை பொருளைக் கெடுத்தது, எது வெறும் இடைவெளிப் பிழை என்று கையால் வகைப்படுத்துங்கள். அலுப்பான வேலைதான். கட்டுரையில் மற்றவர்கள் நினைவில் வைத்திருப்பது பெரும்பாலும் அந்தப் பகுதியைத்தான்.

தரவு: கொழும்பு தரும் வசதி

பெரிய கணினிகளும் பெரிய நிதியும் இங்கே இல்லை என்று குறைப்படுபவர்கள், இந்த நகரத்தில் இருக்கும் ஒன்றைக் கவனிப்பதில்லை. யாழ்ப்பாணத்துத் தமிழும், மட்டக்களப்புத் தமிழும், மலையகத் தமிழும், முஸ்லிம்களின் தமிழும் ஒரே நாளில் ஒருவருக்குக் கேட்கக் கிடைக்கும் இடம் கொழும்பு. வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனை வரை ஒரு பிற்பகலில் போய்வரக்கூடியவருக்கு, எந்த வெளிநாட்டு ஆய்வுகூடத்துக்கும் எளிதிற் கிடைக்காத ஒரு சோதனைத் தொகுதியைச் சேர்க்கும் வாய்ப்பு இருக்கிறது. பயிற்சிக்குப் போதுமான தரவை ஒரு தனியாளால் சேர்க்க முடியாது. பரிசோதனைக்குப் போதுமானதைச் சேர்க்கலாம். ஆகவே உங்கள் முதலாவது ஆய்வு ஒரு மாதிரியைக் கட்டுவதாக இல்லாமல், இருக்கும் மாதிரியைச் சோதிப்பதாக இருக்கட்டும் என்பது என் உறுதியான கருத்து.

எமது உதாரணத்துக்கு, ஒவ்வொரு பிரதேசத்திலிருந்தும் பத்துப் பேர், ஆளுக்குப் பதினைந்து வாக்கியங்கள் என்று வைத்தால் 300 ஒலித்துண்டுகள் வரும். ஒன்று ஆறு செக்கன் நீளமென்றால் மொத்தம் அரை மணித்தியாலம். வாக்கியங்களில் எங்கள் வழக்குச் சொற்கள் இருக்க வேண்டும்: மணித்தியாலம், கிழமை, குளிசை, ஓகஸ்ட் போன்றவை. எழுதிக்கொடுத்ததை வாசிக்கச் சொல்வதா, தன்னிச்சையாகப் பேசவிடுவதா என்பதை முன்கூட்டியே தீர்மானியுங்கள். வாசிக்கச் சொன்னால் எல்லோரும் எழுத்துத் தமிழுக்கு மாறிவிடுவார்கள், உச்சரிப்பு வேறுபாடு மட்டும் மிஞ்சும். பேசவிட்டால் "வாறன்" என்று காதில் விழுந்ததை அப்படியே எழுதுவதா, "வருகிறேன்" என்று எழுதுவதா என்ற கேள்வி ஒவ்வொரு வரியிலும் எழும். முதற்தடவைக்கு வாசிப்பே போதும். அதிலும்கூட இலக்கங்களை எழுத்தால் எழுதுவதா, எண்ணால் எழுதுவதா போன்ற விதிகளை ஒரு பக்கத்தில் எழுதி, இரண்டு பேரிடம் தனித்தனியே கொடுத்துப் பிரதிசெய்யுங்கள். இருவரும் முரண்படும் இடங்களில் உங்கள் விதி தெளிவில்லை என்று பொருள்.

எல்லோரையும் ஒரே தொலைபேசியில், ஒரே மாதிரியான அறையில் பதிவுசெய்யுங்கள். ஒரு பிரதேசத்தவரை நூலகத்திலும் மற்றப் பிரதேசத்தவரைக் காலி வீதியோரத் தேநீர்க் கடையிலும் பதிவுசெய்தால், நீங்கள் அளப்பது வழக்கு வேறுபாட்டை அல்ல, 101 ஆம் இலக்க பஸ்ஸின் ஹோர்னை. பழைய வானொலிப் பதிவுகளை எடுத்துக்கொள்ளலாமே என்றும் சிலர் கேட்பதுண்டு. 1925 இல் கொழும்பு வானொலியாகத் தொடங்கியதன் தமிழ்க் குரல்களைக் கடலுக்கு அப்பாலும் விரும்பிக் கேட்ட காலம் இருந்தது என்பதில் எனக்கும் பெருமைதான். ஆனால் ஒலிபரப்புக்கு உரிமையாளர் இருக்கிறார், எழுத்துமூல அனுமதியின்றி அதைத் தரவாக்கி வெளியிட முடியாது.

குரல் ஒருவரை அடையாளங்காட்டக்கூடியது. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை ஒருமுறை வாசியுங்கள். சம்மதப் படிவத்தைப் பேசுபவருக்குப் புரியும் தமிழில் எழுதுங்கள். உங்கள் நிறுவனத்தின் ஒழுக்கவியல் மீளாய்வுக் குழுவின் அனுமதியைப் பதிவு தொடங்குவதற்கு முன்னரே பெறுங்கள். பதிவெல்லாம் முடிந்த பின்னர் கேட்டால் கிடைக்காது.

எண்களை நம்புவது எப்போது

300 ஒலித்துண்டுகள் இருந்தாலும் உங்களிடம் இருப்பது 20 பேர்தான். ஒருவரின் பதினைந்து வாக்கியங்களும் ஒன்றுக்கொன்று தொடர்புடையவை; அவருக்குத் தடிமன் பிடித்திருந்தால் பதினைந்தும் கெடும். எனவே முதலில் ஆளுக்கொரு சராசரி எடுங்கள். பின்னர், ஒவ்வொரு பிரதேசத்தின் பத்துப் பேரிலிருந்தும், ஒருவரே மறுபடி வரலாம் என்ற விதியுடன், பத்துப் பேரை எழுமாறாகத் தெரிந்து இரு பிரதேசங்களுக்குமிடையிலான வித்தியாசத்தைக் கணியுங்கள்; இதை ஆயிரம் தடவை செய்து, நடுவில் உள்ள 95 சதவீதமான பெறுமானங்கள் எங்கே விழுகின்றன என்று பாருங்கள். அந்த வீச்சுக்குள் பூச்சியமும் இருந்தால், வேறுபாடு உண்டு என்று எழுதும் உரிமை உங்களுக்கு இன்னும் வரவில்லை. இணைந்த கணிதத்தில் திறமைச் சித்தி பெற்றவர்களும் புள்ளிவிபரவியலில் தடுமாறுவதைக் காண்கிறேன். ஆழ் கற்றலுக்கான அடுத்த பாடத்தை வாங்குவதற்கு முன்னர் இதிற் சில வாரங்களைச் செலவிடுங்கள்.

பிற்காலத்தில் மாதிரியைப் பயிற்றத் தொடங்கும்போது, ஒரே ஆளின் குரல் பயிற்சித் தொகுதியிலும் சோதனைத் தொகுதியிலும் வராமற் பார்த்துக்கொள்ளுங்கள். நான் முதன்முதலில் பெற்ற அற்புதமான முடிவு, "ஆட்களை எப்படிப் பிரித்தாய்?" என்று மேற்பார்வையாளர் கேட்ட ஒற்றைக் கேள்வியோடு முடிவுக்கு வந்தது.

கணிப்பு வளம்

விஸ்பரின் சிறிய மாதிரியில் 244 மில்லியன் பரமானங்கள், அதாவது பயிற்சியின்போது மாதிரி கற்றுக்கொள்ளும் எண்கள், உள்ளன. அரை மணித்தியால ஒலியை அதனூடாகச் செலுத்துவதற்குக் கூகுள் கொலாப் என்ற இணையவழிக் கணிப்புச் சேவையின் இலவச வசதியோ சாதாரண மடிக்கணினியோ போதும். நீண்ட பயிற்சி ஓட்டங்களில் மட்டும், இடைநிலைகளை அடிக்கடி சேமியுங்கள். 2022 இல் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்த காலத்தில் படித்தவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை.

மேற்பார்வையாளரை அணுகுதல்

வெறுமையான அட்டவணையும், மறுபடி செய்து பெற்ற ஒரு எண்ணும், முப்பது ஒலித்துண்டுகளில் செய்த முன்னோட்டமும் கையில் இருக்கும்போது மின்னஞ்சல் எழுதுங்கள், அதற்கு முன்னர் வேண்டாம். "உங்கள் ஆய்வுகளில் மிகுந்த ஆர்வம் கொண்டுள்ளேன்" என்று தொடங்கும் கடிதங்கள் ஒரு விரிவுரையாளருக்குக் கிழமைக்குப் பல வருகின்றன. அவருடைய எந்தக் கட்டுரையை வாசித்தீர்கள், அதிலிருந்து எதைச் செய்து பார்த்தீர்கள், எங்கே முட்டுப்பட்டு நிற்கிறீர்கள் என்ற மூன்றையும் பத்து வரியில் எழுதுங்கள். கேட்பது அரை மணித்தியாலச் சந்திப்பாக இருக்கட்டும்; மேற்பார்வை செய்வீர்களா என்ற பெரிய கேள்வியை அந்தச் சந்திப்பின் முடிவுக்கு விட்டுவிடுங்கள். பதில் வராவிட்டால் இரண்டு கிழமை கழித்து ஒருமுறை நினைவூட்டலாம். பரீட்சை விடைத்தாள் திருத்தும் காலமாக இருந்தால் அதற்கும் பதில் வராது. அதை மனதிற் கொள்ள வேண்டாம்.

எழுதுதலும் சமர்ப்பித்தலும்

அட்டவணையை நிரப்பியதும், அதற்குக் கீழே அது சொல்வதை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். அந்த வாக்கியமே கட்டுரை. மற்றப் பகுதிகள் யாவும் அதை நம்புவதற்கு வாசகருக்குத் தேவையானவை மட்டுமாக இருக்க வேண்டும். அறிமுகத்தைக் கடைசியில் எழுதுங்கள். முதலில் எழுதினால் செயற்கை நுண்ணறிவு உலகையே மாற்றி வருகிறது என்றுதான் தொடங்கும்.

எங்கே அனுப்புவது என்பதற்கு, கொழும்புப் பல்கலைக்கழகக் கணினிக் கல்லூரி நடத்தும் ஐசிட்டர் மாநாடும் மொறட்டுவையின் மேர்கொன் மாநாடும் அருகில் உள்ளவை. திராவிட மொழிகளுக்கென 2021 முதல் நடக்கும் திராவிடியன்லாங்டெக் பயிலரங்கு போன்றவை, உங்கள் கேள்வியின் அருமையை விளக்கத் தேவையில்லாத மீளாய்வாளர்களைத் தரும். சில நாட்களில் ஏற்றுக்கொள்வதாகவும் பணம் கட்டுமாறும் தாமாகவே மின்னஞ்சல் அனுப்பும் சஞ்சிகைகளுக்குப் பதிலெழுத வேண்டாம். அங்கே வெளியான கட்டுரை பின்னாளில் உங்கள் விண்ணப்பத்துக்குப் பாரமாகும்.

சர்வதேச மாநாடுகளின் இறுதித் திகதிகள் பெரும்பாலும் "பூமியில் எங்காவது" என்ற நேரத்தில் அறிவிக்கப்படும். அது உலக நியம நேரத்துக்குப் பன்னிரண்டு மணித்தியாலம் பிந்தியது. அங்கே இரவு 11:59 ஆகும்போது கொழும்பில் மறுநாள் மாலை 5:29. அந்த மேலதிக நாளை எழுதுவதற்கு வைத்துக்கொள்ளாமல், எழுத்துப் பிழை பார்ப்பதற்கும் கோப்பை ஏற்றுவதற்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

நிராகரிப்புக் கடிதம் வரும். 2014 இல், இன்று நியூரிப்ஸ் என்று அழைக்கப்படும் செயற்கை நுண்ணறிவு மாநாட்டின் ஏற்பாட்டாளர்கள் 166 கட்டுரைகளை இரண்டு தனித்தனிக் குழுக்களிடம் கொடுத்துப் பார்த்தார்கள். 43 கட்டுரைகளில் ஒரு குழு ஏற்றதை மற்றக் குழு நிராகரித்தது. ஆகவே தீர்ப்பை ஒரு பக்கத்தில் வைத்துவிட்டு, மீளாய்வாளரின் கேள்விகளை மட்டும் தனியே பிரித்தெடுங்கள். தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறார் என்று தோன்றும் இடத்தில், அவர் அப்படிப் புரிந்துகொள்ள இடங்கொடுத்த உங்கள் வாக்கியத்தைத் தேடித் திருத்துங்கள். ஏற்கப்பட்டதும், பேசியவர்கள் சம்மதித்த அளவுக்கு ஒலித்துண்டுகளையும், பிரதிகளையும், பிரதிசெய்யும் விதிகள் எழுதிய அந்த ஒரு பக்கத்தையும், சீராக்கும் நிரலையும் ஒன்றாக வெளியிடுங்கள். குரல் கொடுத்த இருபது பேருக்கும் முடிவைத் தமிழில் ஒரு பக்கமாக எழுதி அனுப்புங்கள்.